சும்மா விட்ட முட்டை

டாக்டரம்மா எங்கள் தெருவுக்கு வந்து மூன்றாம் நாள் என் வீட்டு வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி இது.

"அக்கா, உங்க கோழிங்க சேவலோட இருக்கிற கோழிங்களா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. அறுபத்தைந்து வயசு மனுஷி, கண்ணாடி போட்டவர், கஞ்சி போட்ட பருத்திச் சேலை கட்டினவர், வாசலில் நின்று கேட்கிற கேள்வியா இது? "பின்னே? எங்க வீட்டுக் கோழியைப் பத்தி என்ன நெனச்சீங்க? அங்கன வேலி மேல நிக்கான் பாருங்க, அவன்தான் அத்தனைக்கும் மாப்பிள்ளை" என்றேன்.

அவர் வேலியைப் பார்த்தார். அந்தச் சேவலைப் பார்த்த யாரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாமல் போனது கிடையாது. இவர், "அத்தனைக்கும் அவன்தான்னு எப்படித் தெரியும்?" என்றார்.

நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அவர் பேரை எழுதப்போவதில்லை. அவருக்குப் பிடிக்காது. கேட்டில் மாட்டியிருந்த பலகையில் பேரும் பின்னால் பட்டமுமாக ஒன்றரை முழத்துக்கு எழுத்து இருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். முன்னால் இருந்த டாக்டர் என்பதை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். தெருவும் அதை மட்டும்தான் படித்தது. அதனால் அவர் எல்லாருக்கும் டாக்டரம்மா.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அந்த வீட்டில் வேலைக்கு இருந்தேன் என்று சங்கரன்கோவிலில் சில பேர் சொல்வார்கள். நம்பாதீர்கள். எங்கள் மாமனார் காலத்தில் எங்கள் வீட்டில் நாலு பேர் வேலைக்கு இருந்தார்கள். நான் முட்டை கொடுத்தவள். பிறகு பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் போய் வந்து கொண்டிருந்தவள். அவ்வளவுதான்.

கதவைச் சாத்தினவள் ஏன் முட்டை கொடுத்தேன் என்றால், நாலு நாள் கழித்து அவர் மறுபடியும் வந்தார். கையில் ஒரு தட்டு. தட்டில் உடைத்து ஊற்றின பன்னிரண்டு முட்டை. "கடையில வாங்கினது. மூணு நாள் சூட்டுல வச்சேன். ஒண்ணுலயும் உயிர் இல்லை. நீங்க சொன்னதுதான் சரி, மாப்பிள்ளை வேணும்" என்றார். படித்த மனுஷி ஒருத்தர் என் வாசலில் வந்து நீங்கள் சொன்னது சரி என்றால் நான் என்ன செய்வேன்? மடியில் இருந்த முட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அவர் அப்பா வீடுதான் அது. பெங்களூரில் ஏதோ ஒரு பெரிய இடத்தில் ஆராய்ச்சி செய்துவிட்டு, வேலை முடிந்ததும் வீட்டை விற்க வந்தவர், விற்காமல் தங்கிவிட்டார். மாடியில் ஒரு அறையில் பூதக்கண்ணாடிக் குழல் ஒன்று, முட்டைக்குச் சூடு வைக்கிற கரண்ட் பெட்டி ஒன்று, ஒரு குளிர்ப்பெட்டி. மற்றபடி அந்த வீட்டில் நல்லதாக ஒரு நாற்காலி கிடையாது.

என்ன செய்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. முட்டையைப் பெட்டியில் மூன்று நாள் படுக்க வைப்பார். மூன்றாம் நாள் மேல் ஓட்டில் சின்னக் கத்திரிக்கோலால் பத்துக்காசு அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டுவார். உள்ளே பார்த்தால் அடேயப்பா, மஞ்சள் மேல் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக் கொண்டிருக்கும். அதன் மேல் ஊசியில் ஒரு சொட்டு மருந்து விட்டு, ஜன்னலுக்குத் தெளிவான டேப் ஒட்டி, மறுபடியும் பெட்டியில் வைப்பார். ஆறாம் நாள் திறந்து பார்ப்பார்.

எங்கள் மைனிக்கு, அதாவது என் அண்ணன் பெண்டாட்டிக்கு, இதை ஒரு நாள் சொல்லித் தொலைத்தேன். அவளும் என்னை மைனி என்றுதான் கூப்பிடுவாள். "ஏ மைனி, முட்டைக்கு ஜன்னலா வைக்குதாவ? அப்போ நிலைவாசல் எப்போ வைக்கப் போறாவளாம்? பால் காய்ச்சுதன்னைக்கு எனக்கும் சொல்லி விடு" என்றாள். அதிலிருந்து தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "ஜன்னல் வேலை முடிஞ்சுதா அக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் நான் நேராகவே கேட்டேன். "இம்புட்டுப் படிச்சுட்டு இந்த முட்டைக்குள்ள என்னத்தத் தேடுதீங்க?"

"கோழிக்குஞ்சு உருவாகும்போது முதுகுல இருந்து நரம்பு கிளம்புது அக்கா. ஒண்ணு இறக்கைக்குப் போகுது, ஒண்ணு காலுக்குப் போகுது. வழி தப்புறதில்லை. அதுக்கு எப்படித் தெரியும்?"

"பஸ் ஸ்டாண்டுல சிவகிரி பஸ்ஸும் பனவடலிசத்திரம் பஸ்ஸும் பக்கத்துல பக்கத்துலதான் நிக்கு. போர்டைப் பாத்துத்தான ஏறுதோம்?"

"அந்த போர்டு எதுன்னுதான் நாப்பது வருஷமாத் தேடுறேன்."

"போர்டு இல்லாட்டி கண்டக்டர்ட்ட கேட்டுக்கிடலாம்லா?"

நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கண்டக்டரும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எந்த ஊரில் ஐயா நடக்கும் இது!

அந்த ஊசி மருந்து ஒரு புரதம். அவரிடம் படித்த ஒரு பெண் பெங்களூரில் இருந்து ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பும். அந்தப் புரதம்தான் நரம்புக்கு வழி காட்டுகிற போர்டு என்பது டாக்டரம்மாவின் எண்ணம். பன்னிரண்டு முட்டை வைத்தால் ஆறு முட்டைக்குத்தான் அந்தப் புரதம். பென்சிலால் அதில் வட்டம் போடுவார். மிச்சம் ஆறுக்குப் பெருக்கல் குறி. அதற்கும் ஜன்னல் உண்டு, ஊசி உண்டு, ஆனால் சொட்டு என்னவோ வெறும் உப்புத் தண்ணீர்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பந்தியில் ஒரு வரிசைக்குப் பாயசம் விட்டு எதிர் வரிசைக்கு உப்புத் தண்ணீர் விட்டால் பார்த்துக்கொண்டு இருப்போமா?

"அதுக்கும் ஒரு சொட்டு விட்டா என்ன குறைஞ்சா போவும்?"

"விட்டா எனக்கு ஒண்ணும் தெரியாமப் போயிடும் அக்கா. ஒண்ணுக்குச் செஞ்சா ஒண்ணைச் சும்மா விடணும். சும்மா விட்டதுதான் உண்மையைச் சொல்லும்."

இதுதான் அவர். இதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் வேண்டாம். சோறு பொங்கினாலும் சரி, செடி வைத்தாலும் சரி, ஒன்றைச் சும்மா விட்டுப் பார்க்காமல் அந்த அம்மாவுக்குத் தூக்கம் வராது.

நான் சாம்பாருக்குப் பெருங்காயம் போட்டால்தான் ருசி என்று சொன்னேன். அன்றைக்கே ஒரு கிண்ணம் சாம்பாரைப் பெருங்காயம் போடாமல் தனியே எடுத்து வைத்தார். என் கண்ணைக் கட்டச் சொல்லி, இரண்டையும் மாற்றி மாற்றி ஸ்பூனில் கொடுத்து, எது எது என்று கேட்டார். பத்துத் தடவைக்கு ஒன்பது தடவை சரியாகச் சொன்னேன். அந்த ஒரு தடவை ஏன் தப்பியது என்று சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். "மூக்கு அடைச்சிருக்கும், விடுங்க டாக்டரம்மா" என்றாலும் விடவில்லை. அன்றைக்கு இரண்டு பேருக்கும் சாம்பார் ஆறிப்போனதுதான் மிச்சம்.

என் வீட்டுப் பிச்சிச் செடி மூன்றுக்கும் முட்டை ஓட்டுத் தூள் போட்டேன். நடுச்செடிக்கு மட்டும் வேண்டாம் என்று அதைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டுப் போனார். அக்கம்பக்கத்தில் அந்தச் செடிக்குத்தான் ஏதோ தோஷம் என்று பேசிக்கொண்டார்கள். பூ பறிக்க வருகிறவள் அதைத் தொடமாட்டேன் என்றாள்.

எனக்கு இரண்டு முழங்காலும் வலி. நம் கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுவது என் வழக்கம். சங்கரன்கோவிலில் பிறந்தவர்களுக்கு அந்த மண்ணைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சொறி சிரங்குக்கு, விஷக்கடிக்கு, சும்மா மனசு சரியில்லை என்றாலும் கூட அம்மன் மண்தான். டாக்டரம்மா அதைக் கேலி செய்ததே கிடையாது. ஒன்று மட்டும் சொன்னார். "ஒரு காலுக்கு மட்டும் பூசுங்க அக்கா. இன்னொண்ணைச் சும்மா விடுங்க."

"அம்மன்கிட்டப் போயி இந்தக் காலை மட்டும் பாரு, அந்தக் காலைப் பாக்காதன்னு சொல்லச் சொல்லுதீங்களா?"

"அம்மனுக்கே தெரிஞ்சுக்கணும்னு ஆசை இருக்கும் அக்கா."

இப்படிப் பேசுகிற மனுஷியிடம் என்ன செய்வது?

ஆனால் ஒரு தடவை அவர் அதை விட்டுக்கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். பனவடலிசத்திரத்தில் இருந்து ஒரு அண்ணாச்சி, கோழி டாக்டர் என்று யாரோ சொல்லக் கேட்டு, கூடையில் இரண்டு கோழியோடு பஸ் ஏறி வந்துவிட்டார். இரண்டும் கழுத்தைத் தொங்கப் போட்டிருந்தன.

"நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்றார் இவர்.

"பின்ன எந்த டாக்டரு?"

"நான் இன்னும் பிறக்காத கோழியைத்தான் பார்க்கிறேன்."

"பெறக்காத கோழிக்கு என்னம்மா நோவு? அது பாட்டுக்குத்தான முட்டைக்குள்ள கெடக்கு! பெறந்துட்டுச் சீரழியுது, இதைப் பாருங்க."

நான்தான் உள்ளே புகுந்து, சின்ன வெங்காயமும் சீரகமும் மஞ்சளும் அரைத்து உருட்டிக் கொடுக்கச் சொன்னேன். உடனே டாக்டரம்மாவுக்கு வந்துவிட்டது. "ஒரு கோழிக்குக் கொடுங்க. ஒண்ணைச் சும்மா விட்டுப் பாருங்க."

அண்ணாச்சி கூடையைக் கீழே வைத்தார். "சரிம்மா. எந்தக் கோழியைச் சாவ விடணும்? நீங்களே தொட்டுக் காட்டுங்க."

டாக்டரம்மா குனிந்து இரண்டு கோழியையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "ரெண்டுக்கும் கொடுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். இரண்டு கோழியும் பிழைத்தன. மருந்தினால் பிழைத்ததா தானாகப் பிழைத்ததா என்று தெரியாமல் போய்விட்டதே என்று ஒரு வாரம் புலம்பினார்.

ஏன் இப்படி ஒரு பிடிவாதம் என்று நான் கேட்டதில்லை. அவராகத்தான் ஒரு நாள், பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருக்கும்போது சொன்னார். முப்பது வயசு சொச்சத்தில் இதே புரதம்தான் போர்டு என்று எழுதி, வெளிநாட்டில் ஒரு பெரிய பத்திரிகையில் அச்சுப் போட்டார்களாம். ஊர் ஊராகக் கூப்பிட்டு மாலை போடாத குறையாம். இரண்டு வருஷம் கழித்து இவரே பழைய நோட்டைப் புரட்டினபோது, சும்மா விட வேண்டிய முட்டைகளைத் தனியாக இன்னொரு பெட்டியில் வைத்திருந்ததும், அந்தப் பெட்டியில் சூடு குறைந்திருந்ததும் தெரிந்ததாம். சூடு குறைந்ததால் சும்மா முட்டையில் நரம்பு வளரவில்லை. மற்றது புரதத்தால் வளர்ந்தது என்று இவர் எழுதிவிட்டார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. இவராகவே பத்திரிகைக்கு எழுதி, நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

"யாரும் கேக்கலைலா? பேசாம இருந்திருக்கலாம்லா?"

"கேட்கலை. ஆனா நான் கேட்டேனே அக்கா."

அதோடு விட்டிருந்தால் சரி. கீழே இறங்கும்போது படியில் நின்று, "செஞ்ச முறைதான் தப்பு. புரதம் அதுதான்னு இன்னும் தோணுது. இந்த ஒண்ணு மட்டும் தெரிஞ்சிட்டாப் போதும்" என்றார். எதையும் கேட்காத மனுஷி. நகை கேட்டதில்லை, பண்டம் கேட்டதில்லை. அந்த ஒன்றைத்தான் கேட்டார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் சூடு சரியாக இருக்கிறதா என்று முள்ளைப் பார்ப்பதும் என் பொறுப்பு. தினமும் மூன்று தடவை பெட்டியைத் திறப்பேன். வட்டம் போட்ட ஆறும் புரதத்தைக் குடித்துவிட்டுக் கிடக்கும். பெருக்கல் போட்ட ஆறும் உப்புத் தண்ணீரோடு கிடக்கும். அதுவும் என் கோழி போட்டதுதானே? எனக்குப் பொறுக்கவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த அம்மன் மண்ணைத் தண்ணீரில் குழைத்து, பெருக்கல் போட்ட ஒவ்வொன்றையும் மெதுவாகத் தூக்கி, அடிப்பக்கம் முழுக்க நன்றாகப் பூசிவிட்டேன். நாட்டுக்கோழி முட்டை நிறமும் மண் நிறமும் ஒன்றுபோல இருக்கும். மேலே ஜன்னல், கீழே மண். யாருக்குத் தெரியும்? ஆறாம் நாள் எடுத்துக் கொடுக்கும்போது ஈர முந்தானையால் ஒரு துடை துடைத்துக் கொடுத்தேன்.

தப்பு செய்கிறேன் என்ற எண்ணமே எனக்குக் கிடையாது. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார், அதனால் சொல்லவில்லை. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஆயிரம் இருக்கிறது, அது வழியாகக் குஞ்சு மூச்சு விடுகிறது என்று அவர் முன்னமே சொல்லியிருக்கிறார். மூக்கே முளைக்காத குஞ்சு எங்கே மூச்சு விடுவது என்று அப்போது சிரித்துவிட்டேன்.

முதல் தடவை பார்த்தபோது வட்டம் போட்ட முட்டைகளில் நரம்பு நீளமாக ஓடியிருந்தது. பெருக்கல் போட்டதில் குட்டையாக நின்றுபோயிருந்தது. டாக்டரம்மா நம்பவில்லை. மறுபடியும் பன்னிரண்டு. மறுபடியும் அப்படியே. மூன்றாம் தடவையும் அப்படியே.

எனக்குச் சும்மா முட்டைகளை நினைத்து வருத்தம்தான். அம்மன் மண் பூசியும் இப்படித் தோற்கிறதே, பூசாமல் இருந்தால் இன்னும் எவ்வளவு மோசமாகப் போயிருக்கும் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் முன்னை விடக் கொஞ்சம் கெட்டியாகப் பூசினேன்.

மூன்றாம் தடவை முடிந்ததும் டாக்டரம்மா ஆளே மாறிவிட்டார். படியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். பெங்களூர்ப் பெண்ணுக்குப் போன் போட்டு, உடனே கிளம்பி வா என்றார். அன்றைக்கு அவரே அடுப்பில் நின்று கேசரி கிண்டினார். ஒரு கரண்டியைக் கூடச் சர்க்கரை போடாமல் தனியே எடுத்து வைக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சந்தோஷம்.

அதே நாள் என் வீட்டில் பதினோரு முட்டையோடு அடை கிடந்த கோழி எழுந்தது. நான் அந்த முட்டைகளுக்கும் மண் பூசியிருந்தேன். பதினொன்றுக்கும் பூசத்தான் நினைத்தேன், ஏழுக்குத்தான் மண் இருந்தது. நாலைச் சும்மா விட்டுவிட்டேன்.

சும்மா விட்ட நாலும் பொரித்தன. பூசின ஏழில் இரண்டுதான் பொரித்தது.

நான் கூடைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருஷமாகக் கோழி வளர்க்கிறேன், பதினொன்றில் ஐந்து கூமுட்டை ஆனது கிடையாது. ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மண் அரக்கு மாதிரி ஒட்டியிருந்தது. அம்மன் மேல் குற்றம் இல்லை. மனுஷர் மேலுக்கு உள்ளதை மூச்சு விடுகிற ஓட்டுக்குப் பூசினது நான். டாக்டரம்மாவின் சும்மா முட்டைகள் சும்மாவே இருக்கவில்லை. அவர் புரதம் ஜெயிக்கவில்லை, என் மண்தான் மற்றதைத் தோற்கடித்திருக்கிறது.

போய்ச் சொல்லாதே என்று ஒரு மனசு சொன்னது. மைனியிடம் கேட்டேன். "ஒனக்கென்ன கிறுக்கா மைனி? அந்தம்மா வாழ்நாள்ல இன்னைக்குத்தான் சிரிச்சு நாங்க பாக்கோம். வாயை மூடிட்டுக் கெட" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் யாருமே கேட்காதபோது தானே போய்ச் சொன்ன மனுஷி அவர். அவர் வீட்டு முற்றத்தில் நான் எப்படிப் பொய்யோடு நடப்பது? நான் என்ன சாமானியக் குடும்பத்துப் பெண்ணா?

போனேன். மேஜையில் அந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக்கொண்டு இருந்தார்.

"டாக்டரம்மா, ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல கேசரி சாப்பிடுங்க அக்கா."

"சாப்பிட்டா சொல்ல மாட்டேன்."

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் பேனாவின் மூடியைப் போட்டார். வைதிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் கேள்வி கேட்டார்.

"எத்தனை முட்டைக்கு?"

"பெருக்கல் போட்ட அத்தனைக்கும்."

"ஒண்ணு விடாமலா?"

"ஒண்ணு விடாம."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும். கடைசித் தடவை கெட்டியா."

"எந்தப் பக்கம்? எவ்வளவு கனத்துக்கு?"

விரல் நகத்தைக் காட்டினேன். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் அக்கா?"

"அதுக்கும் யாராச்சும் வேணும்லா?" என்றேன்.

அவர் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கேசரியை ஈ மொய்த்தது. அதை ஒரு தட்டால் மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குக் கோழிக்குக் கூட நான் அரிசி போடவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் செருப்புச் சத்தம். டாக்டரம்மா நின்றார். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"அக்கா, பத்தொம்பது முட்டை வேணும். மண்ணும் வேணும்."

"இனி நான் அந்த மண்ணைக் கையாலயும் தொட மாட்டேன்."

"தொடணும். ஆறுக்கு நீங்கதான் பூசணும், முன்ன பூசின மாதிரியே. பாவம் பார்த்துக் கொறைச்சும் பூசக்கூடாது, கோவத்துல கூட்டியும் பூசக்கூடாது. அதே முந்தானையால துடைக்கணும்."

ஆறுக்குப் புரதம், ஆறுக்கு உப்புத் தண்ணீர், ஆறுக்கு உப்புத் தண்ணீரும் மண்ணும். பெங்களூர்ப் பெண் வந்து இறங்கினாள். விஷயத்தைக் கேட்டதும் பையைக் கூடக் கீழே வைக்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மண்ணா மேடம்? மண்ணா?" என்று நாலு தடவை கேட்டாள். பிறகு அவள்தான் எல்லா முட்டைக்கும் நம்பர் போட்டு, எது எது என்று ஒரு சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொண்டாள். எந்த நம்பர் எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியக்கூடாதாம். ஆசை கண்ணை மறைத்துவிடுமாம். அளந்து எழுதின பிறகுதான் சீட்டைப் பிரிக்க வேண்டும் என்று இவரே சொல்லிவிட்டார். எனக்கோ முட்டைக்குள் நடப்பது ஒன்றுமே தெரியாது. ஆனாலும் அந்த ஆறு நாளும் போகிற வருகிற நேரமெல்லாம் கோபுரத்தைப் பார்த்து, அந்தப் புரதத்தையே ஜெயிக்க வை தாயே என்றுதான் கும்பிட்டேன்.

ஆறாம் நாள் மத்தியானம் அளந்து முடித்தார்கள். அந்தப் பெண் சீட்டைப் பிரித்து நம்பரை வாசித்தாள். மண் பூசினது குட்டை. அது நமக்குத் தெரிந்ததுதான். புரதம் விட்டதையும் உப்புத் தண்ணீர் விட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார்கள். ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. இரண்டும் ஒன்றுபோல வளர்ந்திருந்தன.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது போர்டு இல்லை அக்கா" என்றார், பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். "நான் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"இருந்திருந்தா அச்சுப் போட்டிருப்பேன். அப்புறம் ரெண்டாவது தடவையும் திரும்ப வாங்கணும். ஒரு தடவை வாங்கினதே போதும்" என்றார். பிறகு, "இப்போ தெரியும்" என்றார்.

இத்தனை நாளில் அந்த அம்மா வாயிலிருந்து, எப்படி என்பது சேராத வெறும் தெரியும் என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். எழுதி வைத்திருந்த கடிதத்தை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்தார். மூன்று பேரும் கேசரி சாப்பிட்டோம். இந்தத் தடவை நான் கிண்டினது. ஒரு கரண்டி சர்க்கரை இல்லாமல் எடுத்து வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பெங்களூர்ப் பெண்ணுக்குப் புரையேறிவிட்டது.

பத்தொன்பதாவது முட்டை எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அதுக்கு ஜன்னலும் இல்லை, ஊசியும் இல்லை. அது நிஜமாவே சும்மா. இத்தனை வருஷத்துல ஒரு முட்டையைக் கூட நான் பொரிக்க விட்டதில்லை அக்கா" என்றார்.

இருபத்தோரு நாளும் அதைத் திருப்பித் திருப்பி வைத்தேன். இருபத்தோராம் நாள் காலையில் ஓட்டைத் தட்டிக்கொண்டு ஈரமாக ஒன்று வெளியே விழுந்தது. டாக்டரம்மா அதன் இறக்கையை விரித்துப் பார்த்தார், காலைப் பார்த்தார். நரம்பெல்லாம் அதது இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "உனக்கு யாருடா வழி சொன்னது?" என்று அதனிடம் கேட்டார். அது அவர் உள்ளங்கையில் எச்சம் போட்டது.

அடுத்த வருஷம் டாக்டரம்மாவுக்குக் கண் மங்கிப்போய், அந்தப் பெண் வந்து பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பூதக்கண்ணாடிக் குழலும் பெட்டியும் போய்விட்டன. கோழிக் கணக்கு எழுதுவதற்கு எனக்குக் கொடுத்த நோட்டில் பாதி மிச்சம் இருந்தது. அதில்தான் இதை எழுதுகிறேன். குஞ்சும் என்னிடம்தான் இருக்கிறது. சேவல் ஆகிவிட்டான், பேரு சும்மா. பூட்டின வீட்டு மாடிதான் அவனுக்கு அரண்மனை. என் இடது முழங்காலுக்கு மட்டும்தான் இப்போது மண் பூசுகிறேன். முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் அவருக்குத்தான் முதலில் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். போன வாரமும் வந்தது.

"சும்மா எப்படி இருக்கான் அக்கா? இறக்கை நல்லா இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் கொறைச்சல் இல்லை. இன்னைக்கும் பறந்து உங்க மாடிக்குப் போயிட்டு வந்தாச்சு."

"பறந்ததை நீங்க பார்த்தீங்களா?"

"பாக்கணுமா என்ன? மாடி முழுக்க எச்சம் கெடக்கே!"

"காக்காயா இருந்தா?"

எனக்கு வந்த கோபத்துக்குப் போனை வைத்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும் முற்றத்தில் நாற்காலியைப் போட்டு, காப்பி கூடக் குடிக்காமல், மாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சேவல்தான்.